அடிக்கடி காற்றுப் போகிறதா? திருகோணமலையில் மவுண்டன் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கான கேள்வி பதில்

உப்புவெளியில் கூடி நிலாவெளி, கன்னியா, கிண்ணியா என்று ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் திரிகிற சிறு கூட்டம் எங்களுடையது. புதிதாக வருகிறவர்கள் முதல் மாதத்தில் கேட்பதெல்லாம் ஏறத்தாழ ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்ததால் இங்கே எழுதி வைக்கிறேன். நான் மெக்கானிக் இல்லை. வீதியோரத்தில் குந்தியிருந்து ஒட்டுப் போட்டே பழகியவன்.

இந்த மாதம் மட்டும் மூன்று தடவை காற்றுப் போய்விட்டது. டயரை மாற்றிவிடட்டுமா?

பொறுங்கள். மூன்று ஓட்டையும் டியூபில் எந்த இடத்தில் விழுந்தன என்று பார்த்தீர்களா? அநேகமாகப் பார்த்திருக்க மாட்டீர்கள். கடைக்காரர் ஒட்டித் தந்தார், நீங்கள் காசைக் கொடுத்துவிட்டு ஏறி வந்துவிட்டீர்கள். மூன்றும் ஒரே இடத்தில் என்றால் உங்களுக்கு மூன்று பஞ்சர் வரவில்லை. ஒரே முள் மூன்று தடவை குத்தியிருக்கிறது. மூன்றும் ரிம் பக்கத்தில் என்றால் டயருக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, எவ்வளவு விலை கொடுத்துப் புது டயர் போட்டாலும் நாலாவது ஓட்டையும் அங்கேயேதான் விழும்.

இதற்கு ஒரு சின்னப் பழக்கம் போதும். டயரைப் பூட்டும்போது அதில் கம்பனிப் பெயர் எழுதியிருக்கும் இடம் வால்வுக்கு நேரே வரும்படி பூட்டுங்கள். பிறகு காற்றுப் போனால், டியூபில் வால்வுக்கும் ஓட்டைக்கும் எவ்வளவு தூரம் என்று அளந்து, டயரில் பெயரிலிருந்து அதே தூரத்தைத் தடவினால் ஆளைப் பிடித்துவிடலாம். கழற்றும்போது டியூப் திரும்பியிருக்கக்கூடும், அதனால் பெயருக்கு இரண்டு பக்கமும் தேடுங்கள்.

ஓட்டையைப் பார்த்தே காரணம் சொல்ல முடியுமா?

பெரும்பாலும் முடியும். டியூபைக் கழற்றிக் கொஞ்சம் காற்றடித்துக் கையில் பிடியுங்கள். வால்வு இருக்கும் பக்கம் ரிம் பக்கம், அதற்கு எதிர்ப்பக்கம் வீதிப் பக்கம்.

வீதிப் பக்கத்தில் ஊசி முனையளவு ஒற்றை ஓட்டை என்றால் முள், கம்பி, போத்தல் ஓடு, மூன்றில் ஒன்று. டயரின் தரமும் தடிப்பும் உதவுவது இந்த ஒரு வகைக்குத்தான்.

பக்கவாட்டில் பாம்பு கொத்தியது போல அருகருகே இரண்டு சிறு கீறல் இருந்தால் காற்றுக் குறைவாக ஓட்டியிருக்கிறீர்கள். இதைத்தான் பாம்புக் கடி என்போம். கல்லிலோ குழியின் விளிம்பிலோ சில்லு இடிக்கும்போது டயர் முழுதாக நசுங்கி, டியூப் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் அகப்பட்டு வெட்டுப்படுகிறது. ரிம்மின் இரண்டு உதடும் ஒரே நேரத்தில் கடிப்பதால்தான் இரண்டு கீறல். இதற்கு மருந்து காற்றடிக்கும் பம்தான். டயர் கடைக்குப் போய்ப் பயனில்லை.

ரிம் பக்கத்தில் ஓட்டை இருந்தால் ரிம்முக்குள் சுற்றியிருக்கும் பட்டியைப் பாருங்கள். மலிவு சைக்கிள்களில் ஒரு மெல்லிய றப்பர்ப் பட்டிதான் வரும். நம்முடைய வெயிலுக்கு அது இழுபட்டு, காய்ந்து, ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். ஒதுங்கினால் சில்லுக் கம்பியின் நுனியோ, அந்தக் கம்பியை ரிம்மில் பூட்டும் நிப்பிளின் துளை விளிம்போ டியூபைத் தின்னும். துணிப் பட்டி வாங்கி ஒட்டுங்கள். சிலர் மின்சார வேலைக்குப் பாவிக்கும் கறுப்பு ரேப்பைச் சுற்றுகிறார்கள். சூட்டில் அதன் பசை இளகி ரேப் நகரும், ஆறு மாதத்தில் பழைய குருடி கதவைத் திறடி.

வால்வின் அடியில் கிழிந்திருந்தால் ஒட்டு நிற்காது, டியூபை மாற்றத்தான் வேண்டும். இதுவும் காற்றுக் குறைவின் வேலை. பிரேக் பிடிக்கும்போது டயர் ரிம்மின் மேல் கொஞ்சங் கொஞ்சமாக நகர்ந்து டியூபையும் சேர்த்து இழுக்கிறது. வால்வு நேராக நிற்காமல் சாய்ந்து நிற்பதைக் கண்டால், கிழிய முதலே காற்றை இறக்கி நேராக்கிவிடுங்கள்.

தண்ணீரில் அமுக்கியும் எங்கேயும் குமிழி வரவில்லையா? வால்வின் வாயில் கொஞ்சம் எச்சில் தடவிப் பாருங்கள்.

ஒட்டிக்கொண்டு வந்து அரை மணித்தியாலத்தில் மறுபடியும் இறங்கிவிட்டது. ஒட்டினவர் சரியில்லையா?

இருக்கலாம். ஆனால் என் அனுபவத்தில், ஒட்டினவரைவிட டயருக்குள் ஒளிந்திருப்பதுதான் பெரும்பாலும் குற்றவாளி.

ஒருமுறை கன்னியாவுக்குப் போய்த் திரும்பும்போது எனக்குப் பின் சில்லு இறங்கியது. வெந்நீரூற்றுக்குத் திரும்பும் சந்தியருகே மர நிழலில் ஒட்டினேன். அநுராதபுர வீதியில் ஏறி இரண்டு கிலோமீற்றர்கூட வந்திருக்க மாட்டேன், மறுபடியும் இறங்கியது. கையிலிருந்த மற்ற டியூபைப் போட்டேன், அதுவும் நகரத்துக்கு வருமுன் போய்விட்டது. உருட்டிக்கொண்டு ஒரு சைக்கிள் கடைக்குப் போனேன். அங்கே இருந்த பெரியவர் டியூபைத் திரும்பியும் பார்க்கவில்லை.

“தம்பி, டியூபை விடுங்க. டயருக்குள்ள கையை விட்டுப் பார்த்தீங்களா?”

“பார்த்தேன் ஐயா, ஒன்றும் தட்டுப்படவில்லை.”

அவர் லாச்சியிலிருந்து ஒரு துண்டுப் பஞ்சை எடுத்தார். டயரின் உட்பக்கத்தில் அதைத் தேய்த்துக்கொண்டே ஒரு சுற்று வந்தார். ஓரிடத்தில் பஞ்சின் ஒரு இழை பிடிபட்டு நின்றது. அந்த இடத்தை வெளிப்பக்கமாக மடித்து வெளிச்சத்தில் காட்டினார். தலைமுடி தடிப்பில், அரிசியில் பாதி நீளத்தில் ஒரு கம்பித் துண்டு. விரலுக்கு வெறும் சொரசொரப்பாகத்தான் தெரிந்தது, பாரம் ஏறினால்தான் உள்ளே குத்தும். நகவெட்டியால் பிடித்து இழுத்தெடுத்து, “லொறி டயர்க் கம்பி” என்றார், அவ்வளவுதான்.

பெரிய வாகனங்களின் டயருக்குள் உருக்குக் கம்பி வலை இருக்கிறது. டயர் வெடித்துச் சிதறினால் அந்தக் கம்பிகள் நொறுங்கி வீதியோரம் முழுக்கக் கிடக்கும். கார்க்காரருக்கு அது தெரியவே தெரியாது. ஓரமாகப் போகிற நமக்குத்தான் அது வந்து சேரும். கந்தளாய் வீதியிலும் அநுராதபுர வீதியிலும் கறுப்பு றப்பர்த் துண்டுகள் சிதறிக் கிடப்பதைக் கண்டால் பின்னால் வாகனம் வருகிறதா என்று பார்த்துவிட்டுக் கொஞ்சம் உள்ளே ஏறிப் போங்கள். என் பையில் அன்றிலிருந்து ஒரு நெருப்புப் பெட்டியும் அதற்குள் பஞ்சும் இருக்கிறது.

நிலாவெளிப் பக்கம் போனாலே முள் குத்துகிறது. அது என்ன முள்?

அநேகமாக நெருஞ்சி. மஞ்சள் பூப் பூத்து, தரையோடு தரையாகப் படரும் கொடி. காய் முற்றிக் காய்ந்ததும் ஐந்து துண்டாகப் பிரியும். ஒவ்வொரு துண்டிலும் ஆட்டுக் கொம்பு மாதிரி முட்கள் நீட்டிக்கொண்டிருக்கும். எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேலே பார்த்தபடிதான் கிடக்கும், அதுதான் அதன் கெட்டித்தனம். செருப்பில் ஏறி, ஆட்டின் குளம்பில் ஏறி, நம்முடைய டயரிலும் ஏறி ஊர் ஊராகப் போகிறது.

மாரி மழைக்கு முளைத்துப் பச்சையாகப் படர்ந்து கிடக்கும் வரை பயமில்லை. மழை விட்டு வெயில் ஏறி, கொடி காய்ந்து முள் இறுகிய பிறகுதான் தொல்லை தொடங்கும். கொடி காய்ந்து மறைந்த பிறகும் முள் மணலுக்குள் அப்படியே கிடக்கும். தார் வீதியின் ஓரத்து மணல், வெற்றுக் காணிகள், கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கைகள், சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு இளநீர் குடிக்கும் இடம், எல்லாம் அதன் இராச்சியம். வீதியை விட்டு இறங்கினால் சைக்கிளைத் தூக்கி வையுங்கள். உருட்டிப் போவது நடந்துபோகிற உங்களுக்குச் சுகம், டயருக்கு இல்லை.

நெருஞ்சி முள் பல மில்லிமீற்றர் நீளம். சாதாரண மெல்லிய டயரின் நடுப்பகுதியைத் தாண்டி டியூபைத் தொட அது தாராளமாகப் போதும். குத்தியதைக் கண்டவுடன் பிடுங்க வேண்டாம். பக்கத்தில் நிழலும் ஒட்டும் சாமானும் இருந்தால் பிடுங்குங்கள். இல்லாவிட்டால் முள்ளே அடைப்பாக நிற்கும், அதோடு மெல்ல மெல்ல வீடு வரை வந்தவர்கள் பலர்.

பனங்காணிகளுக்குள் போகிறவர்களுக்கு இன்னொன்று: பனை மட்டையின் கருக்கு. அது குத்தாது, டயரின் பக்கச்சுவரை அறுக்கும். மட்டை கிடந்தால் ஏறிப் போகாமல் இறங்கித் தாண்டுங்கள்.

மழைக் காலத்தில் ஏன் கூடுதலாகப் போகிறது?

நனைந்த றப்பரைக் கண்ணாடி சுலபமாக வெட்டும். வீட்டில் ஒரு பழைய டியூபை நனைத்துக் கத்தியால் வெட்டிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். அதோடு வெள்ளம் ஓடும்போது வீதியின் குப்பை முழுவதையும் ஓரத்துக்குத்தான் ஒதுக்கும். அங்கேதான் நாம் ஓட்டுகிறோம்.

கடையில் 26 டயர் கேட்டு வாங்கினேன், ரிம்மில் ஏறவில்லை. டயர் பிழையா?

டயரில் பிழை இல்லை, கேட்ட விதம்தான் பிழை. 26 என்ற பெயரில் ஒன்றுக்கொன்று பொருந்தாத அளவுகள் இருக்கின்றன. மவுண்டன் சைக்கிளின் 26 × 1.95, 26 × 2.10 போன்றவை தசம எண்ணில் எழுதப்படுவன. பழைய சாதாரண சைக்கிளின் 26 × 1⅜ பின்னத்தில் எழுதப்படுவது. இரண்டும் வேறு வேறு ரிம்.

குழப்பமே வேண்டாம் என்றால் டயரின் பக்கத்தில் சிறிதாக எழுதியிருக்கும் மற்ற எண்ணைப் பாருங்கள். 50-559 என்று இருந்தால் டயரின் அகலம் ஏறத்தாழ 50 மில்லிமீற்றர், டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம் 559 மில்லிமீற்றர். மவுண்டன் சைக்கிளின் 26 எல்லாம் 559. அந்த 26 × 1⅜ என்பது 590. 27.5 என்றால் 584. 29 என்றால் 622. கரியரும் ஸ்டாண்டும் போட்ட நம் அப்பாமாரின் 28 × 1½ சைக்கிளுக்கு 635. கடைக்குப் போகும்போது அந்த இரண்டாவது எண்ணைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு போங்கள். அகலம் கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம், விட்டம் மட்டும் ஒரு மில்லிமீற்றரும் மாறக் கூடாது.

பெரிய கட்டைகள் உள்ள முரட்டு டயர்தான் நல்லதென்கிறார்கள். உண்மையா?

பார்க்க நல்லது. கடையில் தொங்கும்போது அதன் மேல்தான் கண் போகும். நானும் முதலில் அதைத்தான் வாங்கினேன்.

உங்கள் ஓட்டத்தைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். வீட்டிலிருந்து காப்பட் வீதியில் பத்துக் கிலோமீற்றர், பிறகு கிரவல் வீதியில் மூன்று, குளக்கட்டில் ஒன்று, திரும்பவும் காப்பட் வீதி. இங்கே பெரும்பாலானவர்களின் ஓட்டம் இதுதான். அந்த உயரமான கட்டைகள் சேற்றிலும் இளகிய மண்ணிலும் பல்லைப் பதித்துப் பிடிப்பதற்காக உண்டானவை. காப்பட் வீதியில் அவை நசுங்கி நசுங்கி எழும்பி உங்கள் காலின் பலத்தைத் தின்னும், உர் என்று இரையும், நடுக்கட்டை சீக்கிரம் தேயும். பஞ்சரைத் தடுப்பதிலும் அவை பெரிதாக உதவுவதில்லை. முள் ஏறுவது கட்டைக்கும் கட்டைக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில், அங்கே றப்பர் மெல்லியது.

நடுவில் தொடர்ச்சியான தட்டை வரியும், இரு ஓரங்களில் சிறு கட்டைகளும் உள்ள டயர்தான் நம்முடைய ஊருக்கு என் தெரிவு. நேராகப் போகும்போது வரி ஓடும், கிரவலில் சாய்த்துத் திருப்பும்போது ஓரக் கட்டை பிடிக்கும். அகலம் 1.95 அல்லது 2.1. மாரி காலத்தில் தம்பலகாமம் வயல் வரப்புகளில் ஓட்டுகிற ஆள் என்றால் மட்டும் முரட்டு டயருக்குப் போங்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது கட்டையின் உயரமல்ல, நடுப்பகுதிக்குள் பஞ்சர் தடுப்புப் பட்டை இருக்கிறதா என்பது. சில டயர்களில் கெவ்லார் போன்ற வலுவான நூல் அடுக்கு இருக்கும், சிலவற்றில் தடித்த றப்பர் அடுக்கு. கம்பிக்கும் கண்ணாடிக்கும் இரண்டும் உதவும். நீளமான நெருஞ்சிக்குத் தடித்த றப்பர்தான் மேல், ஏனென்றால் முள் நூலிழைகளுக்கு நடுவே நுழைந்துவிடும், தடிப்பைத் தாண்ட மட்டும் அதற்கு நீளம் போதாது. பாரம் கூடும், ஏற்றத்தில் தெரியும். பஞ்சரில்லாத ஞாயிற்றுக்கிழமைக்கு அந்த விலையை நான் சந்தோசமாகக் கொடுப்பேன்.

காற்று எவ்வளவு அடிக்க வேண்டும்?

விரலால் அமுக்கிப் பார்த்து “காணும்” என்று சொல்வதை இன்றோடு விட்டுவிடுங்கள். காற்றழுத்தத்தை அளப்பது பிஎஸ்ஐயில். 25 பிஎஸ்ஐயும் 40 பிஎஸ்ஐயும் பெருவிரலுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். அளவுமானி உள்ள, நிலத்தில் வைத்து அடிக்கும் பம் ஒன்று வாங்குங்கள். டயரைவிட முந்தி வாங்க வேண்டியது அது.

டியூப் போட்ட 2 அங்குல டயருக்கு என் கணக்கு இப்படி. ஆள் 60 கிலோ, காப்பட்டும் கிரவலும் கலந்த ஓட்டம் என்றால் முன்னுக்கு 33 பிஎஸ்ஐ, பின்னுக்கு 38. 80 கிலோ என்றால் இரண்டிலும் ஐந்து ஆறு கூட்டுங்கள். முழுக்க முழுக்கக் காப்பட் வீதி என்றால் 45, 50 வரை போகலாம். பின் சில்லில்தான் பாரத்தின் பெரும்பகுதி ஏறுகிறது, அதனால் அதற்கு எப்போதும் கொஞ்சம் கூட. டயரின் பக்கத்தில் எழுதியிருக்கும் எண் உச்ச எல்லை, அதுவரை அடிக்கச் சொல்லி எழுதியதல்ல. கூட அடித்தால் கிரவலில் பந்து போலத் துள்ளும், கூரான கல்லும் சுலபமாக வெட்டும். பாரில் அளக்கும் பம் என்றால் 1 பார் ஏறத்தாழ 14.5 பிஎஸ்ஐ.

டியூபின் றப்பர் வழியாகக் காற்று தன்பாட்டில் கசிந்துகொண்டேதான் இருக்கும். வாரத்துக்கொருமுறை, வெளிக்கிட முதல் பாருங்கள். இரண்டு மாதம் சும்மா நின்ற சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே கிரவலில் இறங்கினால் பாம்புக் கடி நிச்சயம்.

பெற்றோல் செட்டில் காற்றடிக்கிறவர்கள் கவனம். அந்த இயந்திரம் லொறிக்கும் காருக்கும் காற்றடிக்க வைத்தது. சைக்கிள் டியூபின் கொள்ளளவுக்கு இரண்டு விநாடி போதும். ஒரே பிடியாக அமுக்காமல் விட்டு விட்டு அடியுங்கள்.

வெயிலில் நிறுத்தினால் டியூப் வெடிக்கும் என்கிறார்களே?

கணக்குப் போட்டால் பயம் குறையும். காலையில் 30 பாகை சூட்டில் 40 பிஎஸ்ஐ அடித்தீர்கள், மத்தியானம் கறுப்பு டயர் 60 பாகைக்குச் சூடேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே ஏறும் அழுத்தம் ஏறத்தாழ 5 பிஎஸ்ஐதான். நல்ல டயருக்கு அது ஒன்றுமே இல்லை. வெயிலில் வெடித்ததாகச் சொல்லப்படும் டயர்களில் விளிம்பு ரிம்மில் சரியாக உட்காராமல் இருந்திருக்கும், அல்லது பக்கச்சுவர் ஏற்கெனவே வெடித்துக் கிழிந்திருக்கும். அந்த 5 பிஎஸ்ஐ கடைசித் தள்ளு மட்டும்தான்.

ஆனால் வெயில் றப்பரை வருடக்கணக்கில் மெதுவாகக் கொல்லும், அது வேறு கதை. நிழலில் நிறுத்துங்கள்.

கடற்கரை மணலில் ஓட்ட எந்த டயர்?

காய்ந்த மணலில் 2 அங்குல டயர் புதையத்தான் செய்யும், யார் என்ன சொன்னாலும். 4 அங்குலத் தடித்த டயர் போட்ட சைக்கிள் அதற்கென்றே இருக்கிறது. நம்மிடம் இருப்பதை வைத்து ஓட்டுவதென்றால் அலை நனைத்து இறுகிய விளிம்பில் ஓட்டலாம், காற்றை 20 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கினால் டயர் அகன்று மிதக்கும்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். காற்றை இறக்கி மணலில் சுகமாக ஓட்டிவிட்டு, அப்படியே குச்சவெளி வீதிக்கு ஏறி ஒரு குழியில் விழுத்தினால் அதே இடத்தில் கொத்து வாங்கும். இறக்கினால் ஏற்ற வேண்டும், பம் கையில் இல்லையென்றால் இறக்காதீர்கள். என் கூட்டாளி ஒருவர் இந்த விதியைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு இறக்கக்கண்டிப் பாலத்தடியில் ஒரே நேரத்தில் முன்னும் பின்னும் போக்கிக்கொண்டார். நாங்கள் சிரித்த சிரிப்பில் அவர் ஒரு மாதம் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நன்னீரால் கழுவுங்கள். உப்பு டயரைவிடக் கம்பி, நிப்பிள், சங்கிலி மூன்றையும்தான் தின்னும். டயருக்குள் மணல் புகுந்திருந்தால் டியூபுக்கு அது அரத்தாள். ஒட்டுப் போடும் போதெல்லாம் உள்ளே ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். வாடிகளுக்குப் பக்கத்தில் ஓட்டுகிறவர்கள் தூண்டில், கம்பித் துண்டு, மீன் முள் எல்லாவற்றுக்கும் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும்.

டியூப் வாங்கும்போது என்ன வால்வு என்று கேட்கிறார்கள்.

மூன்று வகை. பழைய சைக்கிளில் உள்ளே வால்டியூப் என்ற சிறு றப்பர்க் குழாய் போட்டது ஒன்று. மோட்டார் சைக்கிளில் உள்ளது போலத் தடித்தது ஒன்று, மவுண்டன் சைக்கிளில் பெரும்பாலும் இதுதான். மெல்லியதாய் நீளமாய், நுனியில் திருகு உள்ளது மூன்றாவது. மெல்லிய வால்வுக்குத் துளைத்த ரிம்மில் தடித்தது நுழையாது. மறுபுறம் தடித்ததற்கான துளையில் மெல்லியதைப் போட்டால் ஆடி ஆடி அடியில் கிழியும். இருக்கிறதையே கேட்டு வாங்குங்கள்.

பழைய டியூபை வெட்டி டயருக்குள் போட்டால் முள் குத்தாதாமே?

நம்மூர்ப் பழைய வைத்தியம், பலிக்கவும் செய்யும். ஒரு றப்பர் அடுக்கு கூடுகிறது, முள்ளுக்குத் தூரம் கூடுகிறது. ஆனால் வெட்டிய விளிம்பு கூராக இருந்தால் அதுவே டியூபை உரசிக் காலப்போக்கில் ஓட்டை போடும். ஓரங்களை அரத்தாளால் தேய்த்து மெல்லியதாக்கி, இரு முனையும் ஒன்றன் மேல் ஒன்று ஏறும் இடத்தையும் அப்படியே சரிவாக்கிப் போடுங்கள். முழு டியூபை அல்ல, வீதிப் பக்கத்துக்கு மட்டும் வரும் அகலத்தில். கடையில் இதற்கென்றே விற்கும் பிளாஸ்ரிக் பட்டி கிடைத்தால் அதன் முனைக்கும் இதே கவனம் வேண்டும். முள்ளுக்கென்று தடித்த டியூபும் இருக்கிறது. பாரம் கூட, ஆனால் பள்ளிக்கூடத்துக்கும் வேலைக்கும் தினமும் ஓடும் சைக்கிளுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

டியூப்லெஸ் போட்டால் பிரச்சினையே தீர்ந்ததா?

நெருஞ்சிப் பிரச்சினை பெரும்பாலும் தீரும். உள்ளே ஊற்றும் பால் போன்ற திரவம் ஊசித் துளைகளை ஓடும்போதே அடைத்துவிடும். டியூப் இல்லாததால் டியூபைக் கொத்தும் பாம்புக் கடியும் இல்லை, காற்றையும் 25 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கி ஓட்டலாம்.

ஆனால் ரிம்மும் டயரும் இரண்டுமே அதற்கென்று செய்ததாக இருக்க வேண்டும். பழைய 26 ரிம்மில் ரேப் சுற்றிச் செய்து பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை முழுவதும் போகும், ஞாயிறு காலையில் தட்டையாக நிற்கும். அடுத்தது, அந்தத் திரவம் காயும். நம் சூட்டுக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்து ஊற்ற வேண்டும். பார்க்க மறந்தவரின் டயருக்குள் காய்ந்த றப்பர்த் தோல் மட்டும்தான் இருக்கும். டயர் வெட்டுப்பட்டால் கடைசியில் டியூப்தான் போட வேண்டும், அதனால் டியூபும் பம்மும் பையில் இருந்தேயாக வேண்டும்.

வாரத்துக்கு இருமுறை காட்டுப் பாதையில் ஓட்டுகிற, புது 29 சைக்கிள் வைத்திருக்கிற ஆளுக்குச் சரி. மற்றவர்களுக்கு நல்ல டயரும் டியூபும் போதும்.

நானே ஒட்டினால் ஒட்டு கழன்று வருகிறது. என்ன பிழை?

அவசரம். அரத்தாளால் ஓட்டையைச் சுற்றி ஒட்டைவிட அகலமாகத் தேய்த்து, டியூபின் மினுமினுப்புப் போய் மங்கலாக்குங்கள். டியூபில் ஓடும் அச்சுக் கோடு அந்த இடத்தில் இருந்தால் அதையும் தேய்த்துச் சமமாக்குங்கள், காற்று அந்தக் கோட்டின் வழியேதான் தப்பும். சொலூசனை மெல்லியதாகப் பூசுங்கள். இப்போது காத்திருங்கள். இங்கேதான் எல்லாரும் பிழை விடுகிறார்கள். ஈரமாக இருக்கும்போதே ஒட்டை வைத்து அமுக்கினால் அது வழுக்கிக்கொண்டு நிற்கும். புறங்கையால் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய வேண்டும், ஐந்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு, டயர் கழற்றும் லிவரின் பின்பக்கத்தால் அழுத்தித் தேயுங்கள்.

வியர்வை சொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் குனிந்திருந்து ஒட்டும்போது மூக்கு நுனியிலிருந்து சொட்டும் ஒரு துளி முழு வேலையையும் கெடுக்கும். ஒருமுறை உடைத்த சொலூசன் நம் சூட்டில் சீக்கிரம் காய்ந்துவிடும். வழியில் போய்த் திறந்தால் வெறும் குழாய். புறப்பட முதல் அமுக்கிப் பாருங்கள்.

பையில் என்ன இருக்க வேண்டும்?

ஒரு புது டியூப், இரண்டு பிளாஸ்ரிக் லிவர், கைப்பம், ஒட்டுத் துண்டுகளும் சொலூசனும், நான் சொன்ன பஞ்சு, நகவெட்டி. வழியில் டியூபை மாற்றிவிட்டு ஓட்டையை வீட்டில் ஒட்டுவதுதான் புத்தி. டயரே வெட்டுப்பட்டு டியூப் வெளியே பிதுங்கினால் உள்ளே ஒரு பணத்தாளை நாலாக மடித்து வைத்தால் வீடு வரை தாங்கும். பற்பசைக் குழாயின் துண்டு இன்னும் நல்லது, காசும் மிச்சம்.

ஒன்றுமே இல்லாமல் வெருகல் பக்கத்தில் மாட்டிக்கொண்டால்? ஓட்டை உள்ள இடத்தில் டியூபை வெட்டி இரண்டு முனையையும் இறுக்கி முடிச்சுப் போட்டுக் காற்றடிக்கலாம். சில்லு துள்ளித் துள்ளிப் போகும், ஆனால் போகும். பம்மும் இல்லையென்றால் டயருக்குள் புல்லைத் திணித்து இறுக்குங்கள், மெதுவாக ஓட்டி வரலாம்.

டயரை எப்போது மாற்றுவது?

நடுவில் நூல் தெரிந்தால், பக்கச்சுவர் வெடித்து நூல் பிரிந்தால், ஓரிடம் பிதுங்கி நின்றால் அன்றைக்கே. இவை எதுவும் இல்லாமலே ஒரு மாதத்தில் முள், கம்பி என்று வேறு வேறு இடங்களில் குத்தத் தொடங்கினால் றப்பர் மெலிந்துவிட்டது என்று அர்த்தம்.

பின் டயர்தான் எப்போதும் முந்தித் தேயும். புதிதாக ஒன்று மட்டும் வாங்கினால் அதை முன்னுக்குப் போட்டு, முன்னால் இருந்ததைப் பின்னுக்கு மாற்றுங்கள். பின் சில்லு வழுக்கினால் சமாளிக்கலாம், முன் சில்லு வழுக்கினால் விழத்தான் வேண்டும். அம்புக்குறி போட்ட டயர் என்றால் அது ஓடும் திசையைப் பார்த்துப் பூட்டுங்கள்.

ஒட்டு மேல் ஒட்டாகிவிட்ட பழைய டியூபை எறியட்டுமா?

எறியாதீர்கள். ஒட்டில்லாத பகுதியாகப் பார்த்து இரண்டு விரல் அகலத்தில் நீளமாக வெட்டினால் கரியரில் சாமான் கட்ட அதைவிட நல்ல கயிறு இல்லை. மீதியைக் குறுக்கே வெட்டி எடுக்கும் வளையங்களில் இரண்டை லிவரையும் ஒட்டுப் பெட்டியையும் சேர்த்துக் கட்ட நான் வைத்திருக்கிறேன். மற்றதெல்லாம் பக்கத்து வீட்டுப் பொடியன் கெட்டபோலுக்கு வாங்கிக்கொண்டு போய்விட்டான்.